கவுன் பேட்டர்னை வெட்டிக் குட்டையாக்கினால் டாப் ஆகிவிடுமா?

கேள்வி இதுதான்: "அக்கா, நாங்கள் சுங்கை சிப்புட் தாமானில் இருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது. இணையத்தில் ஒரு கவுன் பேட்டர்ன் வாங்கி வைத்திருக்கிறேன், ஐந்தாம் சைஸ். தோளிலிருந்து நெஞ்சு வரை யோக் என்கிற மேல்துண்டு, அதற்குக் கீழே சுருக்கு வைத்த பாவாடை, குட்டை பஃப் கை, பின்னால் பட்டன். இதையே கை இல்லாத டாப்பாக மாற்றி அரைக்கால் சிலுவாருக்கு மேலே போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். வெயில் தாங்க முடியவில்லை. பாவாடையை இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டால் போதும்தானே?"

போதாது, தங்கச்சி. ஆனால் பயப்படும்படி பெரிய வேலையும் இல்லை. நானும் இந்தப் பட்டணத்தில்தான் தைக்கிறேன். இதே யோசனையோடு பேட்டர்னைத் தூக்கிக்கொண்டு வருகிற அம்மாக்கள் நிறையப் பேர். எல்லோரும் நீளத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நீளம் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம்.

கவுன் உடம்பில் அழகாக விழுகிறது என்றால் அதற்குக் காரணம் கீழே தொங்குகிற துணியின் கனம். முழங்கால் வரை வருகிற பாவாடை தன் எடையால் சுருக்கைக் கீழே இழுத்து அடக்கி வைக்கிறது, யோக்கை நெஞ்சோடு உட்கார வைக்கிறது, தோளை நகராமல் பிடித்துக்கொள்கிறது. பாதிக்கு மேல் துணியை வெட்டி எடுத்துவிட்டால் இழுக்க ஆள் இல்லை. சுருக்கு விரிந்து, யோக்குக்குக் கீழே விளக்குக் கூண்டு மாதிரி நிற்கும். முன்பக்கம் வயிற்றின் மேல் ஏறிக்கொள்ளும். பிள்ளை கையைத் தூக்கினால் டாப் முழுக்கக் கூடவே மேலே போய், இறங்காமல் அங்கேயே நிற்கும். அந்தக் கனம் பார்த்த வேலையை வேறு எதாவது பார்க்க வேண்டும். மாற்றங்களை எல்லாம் இதை மனதில் வைத்தே சொல்கிறேன்.

முதலில் பேட்டர்ன் தாள். இணையத்தில் வாங்கிய பேட்டர்ன் என்றால் அச்சடிக்கும்போதே அளவு கெட்டுவிடும் வாய்ப்பு உண்டு. அச்சுக் கடைப் பையனிடம் நூறு சதவீதத்தில் போடச் சொல்லுங்கள். தாளுக்குத் தகுந்தபடி சுருக்கிப் போடுவதுதான் பல கடைகளில் வழக்கம். முதல் பக்கத்தில் ஒரு சோதனைக் கட்டம் இருக்கும், பெரும்பாலும் 5 செ.மீ. அல்லது 1 அங்குலம். அதை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்த பிறகே மற்றப் பக்கங்களை அச்சடியுங்கள். கட்டம் 5-க்குப் பதில் 4.8 காட்டினால் நெஞ்சுச் சுற்றில் கிட்டத்தட்ட 3 செ.மீ. போய்விடும்.

பேட்டர்னை நேராக வெட்டாதீர்கள். மாஜோங் தாள் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும், பெரிதாகவும் இருக்கும், அடியில் இருக்கும் கோடு லேசாகத் தெரியவும் செய்யும். அதில் முன் யோக், பின் யோக் இரண்டையும் வரைந்து எடுத்துக்கொண்டு, அந்த நகலில்தான் கை வைக்க வேண்டும். அடுத்த வருடம் இதே பேட்டர்னில் தீபாவளிக்குக் கவுன் தைக்க வேண்டி வந்தால் மூலப் பேட்டர்ன் முழுசாக இருக்க வேண்டாமா?

தையலுக்கு விடும் இடம் பேட்டர்னில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிம்பிளிசிட்டி, பட்டரிக் மாதிரி அமெரிக்க உறைப் பேட்டர்ன்களில் 1.5 செ.மீ. சேர்த்தே வரைந்திருப்பார்கள். புர்டா, ஒட்டோப்ரே மாதிரி ஐரோப்பியப் பத்திரிகைப் பேட்டர்ன்களில் சேர்த்திருக்க மாட்டார்கள், நாம்தான் விட வேண்டும். எங்காவது ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள், தேடிப் படியுங்கள். உங்களுடையதில் 1.5 சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு எண்களைச் சொல்கிறேன்.

சைஸை வயதை வைத்து எடுக்காதீர்கள். மகளுக்கு ஆறு, பேட்டர்ன் ஐந்து என்று கவலை வேண்டாம். அமெரிக்க அளவில் ஐந்தாம் சைஸ் என்பது 24 அங்குல நெஞ்சு, அதாவது 61 செ.மீ.; ஆறாம் சைஸ் 25 அங்குலம். டேப்பை அக்குளுக்குக் கீழே சுற்றி அளந்து பாருங்கள். நம் பிள்ளைகளில் ஒல்லியாக, உயரமாக வளர்கிறவர்கள் அதிகம். ஆறு வயதில் 59, 60 செ.மீ. நெஞ்சு சாதாரணம். அப்படியென்றால் ஐந்தாம் சைஸ் யோக் அப்படியே சரி, நீளத்தை மட்டும் நாம் பார்த்துக்கொள்ளலாம். ஐரோப்பிய பேட்டர்னில் 104, 110, 116 என்று சைஸ் போட்டிருந்தால் அது பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். அங்கேயும் நெஞ்சளவு பொருந்துகிற சைஸை எடுத்து, நீளத்தை உயரத்துக்குத் தகுந்தபடி வைக்க வேண்டியதுதான்.

இன்னும் இரண்டு அளவு எடுங்கள்: கழுத்தோரத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே வரை ஒன்று, நெற்றியைச் சுற்றித் தலை அளவு ஒன்று. தலை அளவு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது கை. கவுனில் கை இருக்கிறது, எடுத்துவிட்டால் கை இல்லாத டாப் என்று நினைப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கை வைத்துத் தைப்பதற்காக வரைந்த வளைவு, கை அசைய இடம் வேண்டும் என்பதற்காக அக்குளில் ஆழமாக இறங்கியிருக்கும். தோளும் கொஞ்சம் அகலமாக இருக்கும். கையை எடுத்துவிட்டு அந்த ஓரத்தையே மடித்துத் தைத்தால் அக்குளில் ஓட்டை வாய் பிளக்கும், பிள்ளை குனிந்தால் பக்கவாட்டில் நெஞ்சு தெரியும். தோள் நுனி மேல்கையின் மீது நீட்டிக்கொண்டு நிற்கும்.

நகலில் இப்படி மாற்றுங்கள். பக்கத் தையல் கோடும் கை வளைவும் சேரும் இடத்தில், வளைவை 1 செ.மீ. மேலே ஏற்றுங்கள். அதே இடத்தில் பக்கத் தையலை அரை செ.மீ. உள்ளே தள்ளுங்கள், ரொம்ப ஒல்லியான பிள்ளை என்றால் 1 செ.மீ. தோள் நுனியில் 1 முதல் 1.5 செ.மீ. வரை உள்ளே குறைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு புதுப் புள்ளிகளையும் பழைய வளைவின் நடுவோடு சேர்த்து ஒரே இழுப்பில் வரையுங்கள். முன் யோக்கில் செய்ததை அப்படியே பின் யோக்கிலும் செய்ய வேண்டும். பிறகு இரண்டு தோளையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், நீளம் சமமாக வர வேண்டும். தோள் சேரும் இடத்தில் வளைவு முன்னிருந்து பின்னுக்கு மூலை இல்லாமல் ஓட வேண்டும். மூலை தெரிந்தால் அது துணியிலும் அப்படியேதான் தெரியும்.

வெயிலுக்குத்தானே, கை ஓட்டை பெரிதாக இருந்தால் காற்று வருமே என்று சிலர் ஏற்றவே விடமாட்டார்கள். காற்று வர வேண்டிய வழி அது இல்லை. நம் ஊரில் பகலில் 32, 33 டிகிரி, ராத்திரியில் 23, 24. வெயில் மட்டும் என்றால் பரவாயில்லை, காற்றில் எப்போதும் ஈரம், அதனால் வேர்வை சீக்கிரம் காய்வதில்லை. துணிக்கும் உடம்புக்கும் நடுவில் இடைவெளி இருந்து, அடியிலிருந்து காற்று ஏறிக் கழுத்து வழியாகப் போனால்தான் பிள்ளைக்கு நிம்மதி. அகலமான அடிப்பாகமும் ஒட்டாத வயிற்றுப் பகுதியும்தான் அதைச் செய்யும். உங்கள் பேட்டர்னில் யோக்குக்குக் கீழே சுருக்கு இருப்பதால் அது ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. யோக்கில் மட்டும், தைத்து முடித்த சுற்றளவு உடம்பைவிட 8, 9 செ.மீ. கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். 61 நெஞ்சுக்கு 70 வந்தால் போதும். குறைந்தால் பக்கத் தையலில் நான்கு இடத்திலும் அரை அரை செ.மீ. கூட்டுங்கள். அக்குளில் உள்ளே தள்ளிய இடத்தை அப்படியே விட்டு, யோக்கின் அடியில் மட்டும் வெளியே சாய்த்துக் கோடு போடலாம்.

தலை நுழையும் விஷயத்துக்கு வருவோம். கவுனில் பின்பக்கம் முழுக்கப் பட்டன் இருந்தது, அதனால் கழுத்து சின்னதாக இருந்தாலும் சிக்கல் இல்லை. டாப்புக்கு அத்தனை பட்டனும் காஜாவும் எதற்கு? விளையாடப் போட்டுக்கொள்கிற உடுப்பு, பிள்ளை தானே போட்டுக் கழற்ற வேண்டும். பின் யோக்கை நடுவில் மடிப்பு வைத்து ஒரே துண்டாக வெட்டிவிடுங்கள் (பட்டன் பட்டைக்காக விட்டிருக்கும் அதிகத் துணியைக் கழித்துவிட்டு, நடுக்கோட்டில் மடிக்க வேண்டும்). ஆனால் அப்போது தலை நுழையுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஐந்து, ஆறு வயதில் தலைச் சுற்று 51 செ.மீ. அளவில் இருக்கும். இந்த மாதிரி கவுனில் கழுத்துச் சுற்று 34 போல வரும். நுழையாது.

கழுத்தை அகலமாக வெட்டலாம் என்று தோன்றும். 34-ஐ 53 ஆக்கினால் டாப் தோளில் நிற்காது, ஒரு பக்கம் நழுவிக்கொண்டே இருக்கும். கழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் நடுவில் ஒரு பிளவு விடுங்கள். பிளவின் இரண்டு ஓரமும் திறப்பில் சேரும் என்பதால் 10 செ.மீ. பிளவு 20 செ.மீ. தரும். 34-உம் 20-உம் சேர்ந்து 54. தலை 51. தாராளமாக நுழையும். கழுத்துச் சுற்றோடு பிளவின் நீளத்தை இரண்டு தரம் கூட்டினால் தலை அளவைவிட 2, 3 செ.மீ. கூட வர வேண்டும். எந்தப் பேட்டர்னுக்கும் இந்தக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு சின்னப் பட்டன், எதிரே நூலிலோ துணியிலோ ஒரு லூப்.

பட்டனுக்குப் பதில் கயிறு கட்டி முடிச்சுப் போடுகிற டிசைன் அழகாக இருக்கும், படங்களிலும் நிறைய வருகிறது. சின்னப் பிள்ளைக்குக் கழுத்தில் கயிறு வைக்க நான் ஒத்துக்கொள்வதில்லை. சறுக்கு மரத்திலோ கேட்டிலோ மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும். ஐரோப்பாவில் ஈஎன் 14682 என்ற பாதுகாப்புத் தரமே இதற்காக இருக்கிறது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடுப்பில் கழுத்துப் பகுதியில் இழுகயிறு கூடாது என்கிறது. எத்தனை பேர் கெஞ்சினாலும் பட்டன்தான் வைத்துக் கொடுப்பேன்.

அடுத்தது நீளமும் சுருக்கும். இங்கேதான் கனத்தை ஈடுகட்ட வேண்டும்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு, தோளிலிருந்து 45 செ.மீ. நீளம் வைத்தால் இடுப்பெலும்பைத் தாண்டி உட்காரும். உங்கள் மகளை அளந்து 2, 3 செ.மீ. முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள். யோக் தைத்து முடித்த பிறகு 18 செ.மீ. என்றால், கீழ்த்துண்டு 27 செ.மீ. தெரிய வேண்டும்.

சுருக்கைக் குறையுங்கள். கவுனில் யோக் அகலத்தைப் போல இரண்டு மடங்கு பாவாடைத் துணி இருந்திருக்கும். நீளமான பாவாடைக்கு அது சரி. 27 செ.மீ. துண்டில் இரண்டு மடங்கு வைத்தால்தான் நான் முதலில் சொன்ன கோளாறு எல்லாம் வரும். ஒன்றரை மடங்கைத் தாண்டாதீர்கள். முன் யோக்கின் அடி 35 செ.மீ. என்றால் கீழ்த்துண்டு 52, தையலுக்கு 3 சேர்த்து 55. பின்னுக்கும் அதே. துணி கொஞ்சம் விறைப்பாக இருந்தால் 1.3 மடங்கே போதும். வாயில் மாதிரி மெல்லிய துணிக்கு மட்டும் இன்னும் சற்றுக் கூட வைக்கலாம்.

அப்புறம், அடியில் கனம் சேருங்கள். வெள்ளைக்காரப் பேட்டர்ன்களில் சுருட்டித் தைத்த மெல்லிய ஓரம் போடச் சொல்வார்கள். குட்டை டாப்புக்கு அது ஆகாது. 3 செ.மீ. அகலமாக மடித்துத் தையுங்கள். அதற்கு மேலே ஒரு டக், அதாவது துணியைக் குறுக்கே மடித்துப் பிடித்துத் தைக்கிற மடிப்பு, வையுங்கள். டக் நமக்குப் புதிதில்லையே. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பாவாடை சட்டை தைத்தால் பாவாடையில் இரண்டு மூன்று டக் பிடித்துத்தான் தைப்பார்கள். பிள்ளை வளர வளர, தீபாவளிக்கு ஒன்று பொங்கலுக்கு ஒன்று என்று பிரித்துவிடுவார்கள். துணியை மிச்சம் பிடிக்கத்தான் அந்த ஏற்பாடு என்று எல்லோருக்கும் தெரியும். அந்த டக்குகள்தான் பாவாடையை நேராகத் தொங்கவும் வைத்தன என்பது தைத்தவர்களுக்குத் தெரியும். ஒரே இடத்தில் மூன்று அடுக்குத் துணி சேர்ந்து கனம் கொடுக்கிறது. டாப்புக்கு 1.5 செ.மீ. ஆழத்தில் ஒரு டக் போதும், அது 3 செ.மீ. துணி எடுக்கும். அடுத்த வருடம் பிரித்துவிட்டால் டாப் 3 செ.மீ. நீண்டுவிடும். இந்த வயதில் பிள்ளைகள் வருடத்துக்கு 6 செ.மீ. போல உயர்கிறார்கள், அதில் டாப் நீளத்துக்குத் தேவைப்படுவது ஒரு பங்குதான். ஆக இன்னும் ஒரு வருடம் ஓடும்.

மொத்தக் கணக்கு: தெரியும் நீளம் 27, மேல் தையல் 1.5, அடி மடிப்பு 3, அதை உள்ளே மடக்க 1, டக்குக்கு 3. கூட்டினால் 35.5. முன்துண்டின் நடுவில் மட்டும் இன்னும் 1 செ.மீ. விட்டு, பக்கத் தையலுக்கு வரும்போது வளைவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வயிறு முன்னால் தள்ளி இருக்கும். அந்த ஒரு செ.மீ. இல்லாவிட்டால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு தெரியும். நீளக் கவுனில் யாரும் கவனிக்க மாட்டார்கள், டாப்பில் பளிச்சென்று தெரியும். அந்த 1 செ.மீ.-ஐ யோக்கோடு சேரும் மேல் ஓரத்தில் கூட்டுங்கள். அடி ஓரம் நேராக இருந்தால்தான் மடிப்பும் டக்கும் சுருக்கம் விழாமல் வரும்.

டக் பிடிக்காது, ஃபிரில் வேண்டும் என்றால் அதுவும் கனம்தான். கீழ்த்துண்டை 20 செ.மீ.-இல் நிறுத்தி, அதற்குக் கீழே 7 செ.மீ. ஃபிரில், ஒன்றரை மடங்கு அகலத்தில். ஆறு வயதுக்காரி எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று எனக்குத் தெரியும். இஸ்திரி போடப் போவது நீங்கள்தான், யோசித்துக்கொள்ளுங்கள்.

யோக் இல்லாமல் தோளிலிருந்து ஏ வடிவில் விரிந்து வருகிற கவுன் பேட்டர்ன் யாரிடமாவது இருந்தால் வேலை இன்னும் சுலபம். சுருக்கு இல்லை, டக் ஒன்று போதும். வெட்டும் கோட்டை மட்டும் நேராகப் போடாதீர்கள். கவுனின் பழைய அடி வளைவு எப்படியோ அதே வளைவில் மேலே கோடு போடுங்கள். பக்கத் தையலைத் தொடும் இடத்தில் கோடு செங்கோணமாக நிற்க வேண்டும். நேராக வெட்டினால் இரண்டு பக்கமும் வால் மாதிரி தொங்கும். வெட்டுகிற இடத்தில் சுற்றளவு பிள்ளையின் பிட்டத்தைவிட 10 செ.மீ.-ஆவது கூட இருக்கிறதா என்றும் அளந்துவிடுங்கள். ஏ வடிவம் கீழே போகப் போகத்தான் விரியும், மேலேயே நிறுத்தினால் சில பேட்டர்ன்களில் பிடிக்கும்.

துணி. 44 அங்குல அகலத்தில் 1 மீட்டர் வாங்குங்கள், மிச்சம் வரும். கீழ்த்துண்டு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துவிடும், யோக்குகள் அடுத்த வரிசையில், மீதியில் ஓரம் கட்டச் சாய்வாக வெட்டுகிற கிராஸ் துண்டு. ஈப்போவுக்குப் போனால் பெரிய துணிக்கடைகளில் வாயில், ஜப்பான் காட்டன் எல்லாம் பார்த்து வாங்கலாம். பாசார் மாலாமில் மலிவாகத் தொங்குவதில் பாதி பாலியெஸ்டர், பூப்போட்டு அழகாக இருக்கும், போட்டால் வேகும். விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து ஓரத்தில் வைத்துப் பாருங்கள். காட்டன் என்றால் அநேகமாக உறிஞ்சிக்கொள்ளும், பாலியெஸ்டரில் முத்தாக நிற்கும். கஞ்சி ஏற்றிய புதுக் காட்டனும் சில சமயம் உறிஞ்சத் தயங்கும், கசக்கிவிட்டு மறுபடி வையுங்கள்.

வீட்டிலேயே நல்ல துணி கிடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய பாத்தேக் கைலி. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன காட்டன் கைலியைவிட இந்த வெயிலுக்கு ஏற்ற துணி கடையில் இல்லை. கைலியில் ஒரு இடத்தில் வேறு டிசைனில் அகலப் பட்டை வரும், மலாய்க்காரர்கள் கெப்பாலா என்பார்கள். அதை முன் யோக்குக்கு வெட்டி, மீதி உடல் பகுதியைக் கீழ்த்துண்டுக்கு வைத்தால் வேறு அலங்காரமே தேவையில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த இடத்தை மட்டும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து ஒதுக்கிவிடுங்கள். தாத்தாவின் மல் வேட்டியும் ஆகும், ஆனால் வெள்ளை, பிள்ளை செம்மண்ணில் விளையாடுகிறவள் என்றால் வேண்டாம்.

புதுத் துணியை வெட்டும் முன் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். காட்டன் ஐந்து சதவீதம் வரை சுருங்கும். 45 செ.மீ. டாப்பில் அது 2 செ.மீ.-க்கு மேல். ரேயான் இன்னும் மோசம். பாத்தேக் புதிதாக வாங்கினால் தண்ணீர் தெளிவாகும் வரை தனியாக அலசுங்கள். உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

தைக்கும் வரிசை. முதலில் பின் யோக்கில் பிளவு. 8 செ.மீ. அகலம், 13 செ.மீ. நீளத்தில் ஒரு துண்டை நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் வைத்து, நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் அரை செ.மீ. தள்ளித் தைத்து, கீழே கூராகச் சேர்த்து, நடுவில் நுனி வரை வெட்டி உள்ளே திருப்புங்கள். தைக்கும்போதே லூப்பை இரண்டு துணிக்கும் நடுவில் வைத்துத் தைத்துவிட மறக்காதீர்கள். பிறகு தோள், பிறகு கழுத்துக்கும் கைக்கும் கிராஸ் பைப்பிங், அதாவது ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைக்கிற பட்டை.

கிராஸ் துண்டு 4 செ.மீ. அகலம், நேர்நூலுக்கு 45 டிகிரி சாய்வில். பைப்பிங் ஓரத்தைச் சுற்றி மடிந்து வருவதால் கழுத்திலும் கையிலும் விட்டிருக்கும் 1.5 செ.மீ.-ஐ வெட்டி எடுத்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் கழுத்து இறுகும், தோள் அகலமாக நிற்கும், செய்த திருத்தம் எல்லாம் வீண். வளைவில் தைக்கும்போது கிராஸ் துண்டைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள், துணியை இழுக்காதீர்கள். அப்போதுதான் ஓரம் உடம்போடு படியும்.

பக்கத் தையலைக் கடைசியில் வைத்துக்கொண்டு, கை வளைவுக்கு முதலில் பைப்பிங் போட்டுவிடுவது புதிதாகத் தைப்பவர்களுக்குச் சுலபம். வட்டமாகச் சுற்றித் தைக்க வேண்டியதில்லை, நேராக ஓட்டிவிடலாம்.

கீழ்த்துண்டின் மேல் ஓரத்தில் பெரிய தையலில் இரண்டு வரிசை, ஓரத்திலிருந்து 1 செ.மீ.-இல் ஒன்று, 2 செ.மீ.-இல் ஒன்று. பாபின் நூலை இழுத்துச் சுருக்கி, யோக்கோடு சேர்த்து 1.5-இல், அதாவது இரண்டு வரிசைக்கும் நடுவில் தையுங்கள். சுருக்கு ஒரே சீராக விழும். நடுவிலும் ஓரங்களிலும் குண்டூசி குத்தி அளவைப் பிரித்துக்கொண்டால் ஒரே பக்கம் குவியாது. தைத்த ஓரத்தை ஓவர்லாக் அடித்து யோக் பக்கம் மடக்கி மேலே ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். அந்த ஓரம் கீழே தொங்கினால் வேர்த்த உடம்பில் உரசி அரிக்கும். பிள்ளை டாப்பை வேண்டாம் என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அதற்குச் சொல்லத் தெரியாது.

முன்பக்கமும் பின்பக்கமும் இப்படி முடிந்த பிறகு, கை வளைவிலிருந்து அடி வரை பக்கத் தையல். ஓவர்லாக் இல்லாவிட்டால் பிரெஞ்சுத் தையல் போடுங்கள்: துணியின் உள்பக்கங்களைச் சேர்த்து 0.6-இல் ஒரு தையல், ஓரத்தை நறுக்கி, திருப்பிப் போட்டு 0.9-இல் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து அதே 1.5. கடைசியில் டக், அடி மடிப்பு. மெல்லிய துணிக்கு 11-ஆம் நம்பர் ஊசி மாட்டுங்கள், மெஷினில் எப்போதும் கிடக்கிற 14 வாயிலில் ஓட்டை ஓட்டையாக்கும்.

எலாஸ்டிக் நூலில் வரிவரியாகச் சுருக்கித் தைக்கிற டாப் இப்போது கடைகளில் நிறைய. பிள்ளை வளர்ந்தாலும் விரியும், அது வசதிதான். ஆனால் நெஞ்சைச் சுற்றி ஒட்டிக்கொண்டு கிடக்கும், கழற்றினால் தோலில் வரி வரியாகத் தடம். வேர்க்குரு வருகிற பிள்ளைக்கு நான் சொல்ல மாட்டேன்.

கை இல்லாமல் கோயிலுக்கா என்று பாட்டி கேட்டால், பஃப் கைப் பேட்டர்னைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். கையின் மேல் வளைவிலிருந்து 6 செ.மீ. மட்டும் வரைந்து எடுத்து, கீழ் ஓரத்தை வளைவாக வெட்டினால் தோளை மூடுகிற குட்டிக் கை கிடைக்கும். அது அக்குள் வரை வராது, அதனால் கை வளைவில் செய்த திருத்தம் அப்படியே இருக்கட்டும். குட்டிக் கையைத் தோளை நடுவாக வைத்து, பைப்பிங் போடும் முன் ஓரத்தோடு ஓரமாகப் பிடித்துத் தைத்துவிட வேண்டும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் சாயங்காலம் விளையாடப் போகும்போது கை இல்லாத டாப் வேண்டாம். ஏடிஸ் கொசு கடிக்கிறது காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான். அந்த நேரத்துக்கு இதே துணியில் முழுக்கை வைத்து ஒன்று தைத்துக்கொள்ளலாம். தளர்வாக இருந்தால் முழுக்கையும் வேகாது.

இன்னொன்று. உங்கள் மகளுக்கு நாலு வயதில் போட்ட கவுன் ஏதாவது பீரோவில் கிடக்கிறதா? எடுத்துப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் உயரத்தில்தான் வேகமாகப் போகிறார்கள், நெஞ்சு வருடத்துக்கு ஒன்று, இரண்டு செ.மீ.-தான் கூடுகிறது. நாலு வயதில் தொளதொளவென்று இருந்த கவுன் இப்போது நெஞ்சில் சரியாக இருந்து, நீளம் தொடைக்கு மேலே நின்றால் அதுவே டாப். அக்குளில் பிடித்தால் கையைப் பிரித்து எடுத்துவிட்டுப் பைப்பிங் போடுங்கள். இங்கே வளைவை ஏற்ற வேண்டாம், பிள்ளை வளர்ந்ததில் அது தானாகவே சரியாகியிருக்கும். புதுத் துணியில் கத்தரி வைக்கும் முன் அதில் ஒன்று செய்து பாருங்கள், நீளம் எங்கே நிற்க வேண்டும் என்று உங்கள் மகளே காட்டிவிடுவாள்.